தண்டனை இல்லை, விருது மேற்படி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு அவர் முதன்முதலாக அந்த அலுவலகத்துக்குள் வந்தார். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், வாசலில் கிடந்த வருகைப் பதிவேட்டில் அவரே அதை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்ததுதான். ‘வந்த நோக்கம்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: நாடா.

முன்னாள் படைவீரர்களின் பணிப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் அலுவலகம் அது. மூன்றாவது மாடி, மின்தூக்கி உண்டு, ஆனால் இரண்டாவது மாடியோடு அதற்கு மூச்சு வாங்கிவிடும். அங்கே மூத்த எழுத்தராக இருந்தவளுக்கு நாற்பத்தாறு வயது. குறிப்புரை எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அலுவலகத்தில் பேர். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் பார்த்து எழுதுவாள். அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“என்ன வேணும் சொல்லுங்க.”

“ஒரு சாண் நாடா வேணும் மேடம். ரெண்டு மெடலுக்குமா சேத்து. பழசு நைஞ்சுபோச்சு. பின்னு குத்துனா பிரிபிரியா வருது.”

கைக்குட்டை ஒன்றை மேசைமேல் விரித்தார். உள்ளே இரண்டு பதக்கங்கள். ஒன்று துணிவுப் பதக்கம், மற்றது களக்காயப் பதக்கம். உலோகம் துடைத்துத் துடைத்து விளிம்பு மழுங்கியிருந்தது.

பதினைந்து ஆண்டுகள் படையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை. கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தமக்கென்று தனியாகப் பொருத்திய பிரேக்கை மிதிப்பதே தொழில். அதனால் ‘பிரேக் மாஸ்டர்’ என்று பட்டம். அட்டெண்டர் தேநீர்த் தம்ளர்களோடு வளைவில் வேகமாகத் திரும்பியபோது, நாற்காலியில் இருந்த மாஸ்டரின் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியது.

“மன்னிச்சுக்கோங்க. கால் அதுபாட்டுக்கு வேலை பாக்கும்.”

ஐந்து நிமிட வேலை என்றே அவளும் நினைத்தாள். கணினியில் அவருடைய எண்ணைத் தட்டினாள். எல்லாம் வந்தது: உயரம், இரத்தப் பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள். விருதுகள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது.

“கொஞ்சம் இருங்க, பழைய தாளப் பாத்துட்டு வரேன்.”

ஆவண அறையிலிருந்து அவருடைய தனித்தாளை எடுத்து வந்தாள். பழுப்பேறியிருந்தாலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒன்பதாவது வரி: தண்டனைகள் – இல்லை. பத்தாவது வரி: விருதுகள் – மேற்படி.

அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முதலில் இருந்தது படைப்பிரிவின் பெரிய பதிவேடு. ஆம்புலன்ஸ் வரிசைப்படி, வண்டிக்கு இரண்டு பேர்: மேல் வரியில் மருத்துவ உதவியாளர், கீழ் வரியில் ஓட்டுநர். மேலே இருந்தவருக்கு என்ன விருதோ அதே விருது கீழே இருந்தவருக்கும் என்றால், எழுதியவர் ‘மேற்படி’ என்று போட்டு முடித்துவிட்டார். பிறகு ஆளுக்கொரு தாளாகப் பிரித்தபோது, படியெடுத்தவர் கண்ணில் பட்டதை அப்படியே எழுதினார். மேலே இருந்த ஆள் வேறொரு தாளுக்குப் போய்விட்டார். மேற்படி மட்டும் இங்கே தங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கணினியில் ஏற்றியவர்கள், மேற்படி என்றால் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ‘இல்லை’ என்று இருந்தது. இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

அவள் தாளைத் திருப்பி அவரிடம் காட்டி விளக்கினாள். மாஸ்டர் இரண்டு முறை படித்தார்.

“அப்ப, நான் தப்பே பண்ணாததுதான் தப்பாப் போச்சா?”

“அப்படித்தான் ஆயிருக்கு.”

“லீவு முடிஞ்சு ஒரு நாள் லேட்டா வந்து தண்டனையா ரெண்டு நாள் அடைப்பு வாங்கியிருந்தா, விருது ரெண்டு நாள் அடைப்புன்னு ஏறியிருக்கும். அதுக்கு என்ன கலர்ல நாடா குடுப்பீங்க?”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு பலமுறை நினைத்து நொந்துகொண்டாள்.

அன்று அவள் செய்திருக்கக்கூடியது ஒன்றுண்டு. நாடாச் சுருளில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்து, ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லியிருக்கலாம். முன்பிருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பிழை ஒன்று கண்ணில் பட்டபின் அதைத் திருத்தாமல் விடுவது அவளுடைய சுபாவத்திலேயே இல்லை. எனவே மேலிடத்துக்குக் குறிப்புரை எழுதினாள்: ‘மனுதாரரின் பணிப்பதிவில் விருதுகள் ஏதும் காணப்படவில்லை. எனினும் இரு பதக்கங்கள் மனுதாரர் வசம் உள்ளன. இம்முரண்பாடு குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது.’ மூன்று வாக்கியங்கள். கச்சிதமாக இருந்தன.

தெளிவுரை ஏப்ரல் ஐந்தாம் தேதி வந்தது. பதிவில் இல்லாத பதக்கங்களை வைத்திருப்பது விதிமீறல். தொண்ணூறு நாள்களுக்குள் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும், தவறினால் ஒப்படைக்க வேண்டும். மாஸ்டருக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பை அவளே தட்டச்சு செய்ய நேர்ந்தது.

கண்காணிப்பாளர் தம் அறையில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணி ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது.

“தெளிவுரை கேட்டீங்க, வந்துருச்சு. உங்க தமிழ் அப்படிம்மா. படிச்சவன் சும்மா இருக்க முடியுமா?”

“சார், அவர் பொய் சொல்றவர் இல்ல.”

“நானும் நம்பறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது? நான் என்ன ஆவணமா?”

“அந்தப் பெரிய பதிவேட்டக் கேட்டு வாங்கினா?”

“அதெல்லாம் படியெடுத்த அன்னைக்கே கூழாக்கியாச்சு. முறைப்படி உத்தரவு வாங்கித்தான் கூழாக்கியிருக்காங்க. அந்த உத்தரவு மட்டும் பத்திரமா இருக்கு, வேணுமா?”

அடுத்த ஏழு வாரம் மாஸ்டர் அலைந்தார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுமுறை. அன்று காலை வந்து அவள் எதிரே உட்கார்வார். ஒருமுறை பழைய குழுப் புகைப்படம் கொண்டுவந்தார். நெஞ்சில் இரண்டு பதக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. அணிந்திருப்பது வழங்கப்பட்டதற்குச் சான்றாகாது என்று பதில் வந்தது. மருத்துவக் குழு முன் சட்டையைக் கழற்றித் தோள்பட்டைத் தழும்பைக் காட்டினார். தழும்பு இருப்பது உண்மை, எங்கே எப்போது ஏற்பட்டது என்று உறுதி கூற இயலாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

“தேதி போட்டு அடிக்கணும்னு அவனுக்குத் தெரியல,” என்றார் மாஸ்டர்.

விருதுக்குப் பரிந்துரை செய்த அதிகாரியோ எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

மே மாதக் கடைசியில், விதித்தொகுப்பின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில் அவள் அதைக் கண்டுபிடித்தாள். பதிவேட்டில் மேல் வரியில் இருந்தவர் உயிரோடிருந்து, மனுதாரரின் கோரிக்கையின் பேரில் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் அளித்தால், அவருடைய தாளோடு ஒப்பிட்டு மனுதாரரின் தாளைத் திருத்தலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை மாஸ்டர் உட்காரும் முன்பே கேட்டாள்.

“உங்களுக்கு மேல் வரியில இருந்தது யாரு மாஸ்டர்?”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். “எங்க கம்பவுண்டர்.”

வண்டியில் உடனிருந்த மருத்துவ உதவியாளரைப் படையில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்களாம். அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். துணிவுப் பதக்கம், களக்காயப் பதக்கம்; முத்து முத்தான அதே கையெழுத்து. ஆள் உயிரோடிருந்தார். இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் மருந்துக்கடை வைத்திருந்தார். சாட்சிக்கான கேள்விகளோடு கோரிக்கைப் படிவத்தை அங்கேயே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தாள்.

மாஸ்டர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “வீட்ல போய் நிதானமாப் படிச்சுப் பாத்துட்டுக் கொண்டாரேன்.”

பன்னிரண்டு நாளாகியும் படிவம் வரவில்லை. இடையில் வந்த செவ்வாய்க்கிழமையில் மாஸ்டரும் வரவில்லை. அவள் ஒரு மாலை நேரம் அவர் வீட்டுக்கே போனாள்.

டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் தையல் இயந்திரம். மாஸ்டரின் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். காலர்கள் வெள்ளைக் குவியலாகத் தரையில் கிடந்தன. படிவம் துணி அளக்கும் மேசையில், கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது.

“வாங்க தங்கச்சி. இவரு கையெழுத்து வாங்கத்தான வந்தீங்க? அதுக்குள்ள நாலு பேருக்கு லைசென்ஸ் வாங்கிடலாம்.”

“ஏன்க்கா, என்ன பிரச்சினை?”

“என்னைக் கேட்டா? முப்பது வருஷமாக் கூட இருக்கேன், அந்தக் காலு எப்ப பிரேக்க மிதிக்கும்னு எனக்கே தெரியாது. பேசிட்டு இருக்கும்போது டக்குனு நின்னுடுவாரு. அப்புறம் தள்ளினாலும் நகராது.”

மாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். கோபமில்லை, களைத்திருந்தார்.

“ஏழாவது கேள்வியப் படிச்சீங்களா மேடம்?”

படிக்காமல் என்ன, அவள்தானே தட்டச்சு செய்தாள். ‘நிகழ்வின்போது தாங்கள் எங்கே இருந்தீர்கள்? மனுதாரர் செய்தவற்றுள் எவற்றைக் கண்ணால் கண்டீர்கள்?’

“அது சுலபமான கேள்விதானே மாஸ்டர்? கூடவே இருந்தவர், நாலு வரி எழுதினா முடிஞ்சது.”

“அவருக்கு அது சுலபம் இல்லம்மா,” என்றார். முதன்முறையாக ‘மேடம்’ போய் ‘அம்மா’ வந்திருந்தது. படிவத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறினாள். மனுதாரர் கோராமல் பெறும் வாக்குமூலம் செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மருந்துக்கடை சுத்தமாக இருந்தது. கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள், இரண்டு பதக்கங்கள். பருமனான, மெல்லிய குரல்காரரான பெரியவர் ஒருவர் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் ரசீது போட்டுக்கொண்டிருந்தான். அவள் தலைவலி மாத்திரை கேட்டுவிட்டுச் சட்டத்தையே பார்த்தாள்.

“அதையாம்மா பாக்கறீங்க?” என்றார் கம்பவுண்டர். “அதுல பாதிக்கு மேல எங்க டிரைவருக்குச் சேர வேண்டியது. இந்த உயிரே அவர் குடுத்ததுதான்.”

“அவரப் பாப்பீங்களா?”

“கல்யாணம் காட்சின்னா வருவாரு. சாப்பிடுவாரு, போயிடுவாரு. இத்தனை வருஷத்துல வாயத் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல. கேட்டா எதுன்னாலும் செஞ்சிடுவேன்.”

ரசீதைக் கிழித்துக்கொண்டே மகன் சொன்னான்: “இவர் அப்படித்தாங்க சொல்லுவாரு, தன்னடக்கம். குண்டு விழுந்துட்டு இருக்கும்போது நாலு பேரத் தோள்ல தூக்கிட்டுப் பாலத்தத் தாண்டி வந்தவரு எங்கப்பா. என் பையன் ஸ்கூல்ல இதப் பத்திப் பேசிப் பரிசு வாங்கியிருக்கான்.”

கம்பவுண்டர் நிமிரவில்லை. எண்ணிய மாத்திரைகளையே மறுபடி எண்ணத் தொடங்கினார். பத்து மாத்திரைதான், மூன்று முறை எண்ணினார். அவள் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். மாஸ்டர் காருக்குள்தான் உட்கார்ந்திருந்தார், தமக்குரிய பக்கத்து இருக்கையில். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“கடைக்குப் போயிருந்தேன். ஒண்ணும் சொல்லல. பாத்துட்டு மட்டும் வந்தேன்.”

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, வழி சொல்கிறவர் குரலிலேயே சொன்னார்.

“அவருக்கு அப்ப இருபது வயசு. பாலத்துக்குக் கீழ ஒரு தண்ணிக் குழாய் இருந்துச்சு. முதல் குண்டு விழுந்ததும் அதுக்குள்ள போய் உக்காந்துட்டாரு. வெளிய வர முடியல. அழுதுட்டே இருந்தாரு. நான் நாலு தடவை போய் நாலு பேரத் தூக்கிட்டு வந்தேன். அஞ்சாவதா அவரத் தூக்க வரும்போதுதான் ரெண்டு பேருக்கும் அடிபட்டுச்சு. ஆஸ்பத்திரியில அதிகாரி வந்து, யாரு தூக்கிட்டு வந்தீங்கன்னாரு. ரெண்டு பேரும்னு சொல்லிட்டேன். அவரு பேர மேல எழுதினாங்க, என் பேரக் கீழ எழுதினாங்க.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பக்கத்துக் கட்டில்ல படுத்து என்னையே பாத்துட்டு இருந்தாரும்மா. வேற என்ன சொல்ல?”

வெளியே யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை.

“ஏழாவது கேள்விக்கு அவரு உண்மைய எழுதினா, அவரு மெடல் போச்சு, மகன் முன்னால தலை போச்சு. பொய் எழுதினா சத்தியம் பண்ணிப் பொய் எழுதணும். வயசான காலத்துல அந்தப் பாவத்தையும் நான் சுமக்க வைக்கணுமா?”

“அவர் மறுத்துடலாமே. நீங்க கேட்டுத்தான் பாருங்களேன்.”

“மறுக்க மாட்டாரும்மா. கேட்டா எழுதிடுவாரு. அதனாலதான் கேக்க முடியல.”

“அப்ப உங்க மெடல் ரெண்டும் போகட்டுமா?”

“போகட்டும்னு நான் எங்க சொன்னேன்? போகக் கூடாதுன்னுதான உங்க மூணு மாடியும் ஏறி இறங்கறேன். வேற வழி இருந்தா சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

வேறு வழி அவளிடம் இல்லை. இருந்தும் இல்லாத வழிகளையெல்லாம் தட்டிப் பார்த்தாள். தன் குறிப்புரை முரண்பாட்டைத் தவறாகச் சித்திரித்துவிட்டது என்று தன்மேலேயே குற்றம் சுமத்தி ஒரு விளக்கக் கடிதம் எழுதினாள். கால நீட்டிப்புக் கேட்டு ஒன்று. ஒரே படைப்பிரிவில் இதேபோல் தவறு நேர்ந்த வேறு தாள்கள் உண்டா என்று தேடி, ஆவண அறையில் இரண்டு சனிக்கிழமைகள் தூசி தின்றாள். பதினோரு தாள்கள் கிடைத்தன, பதினொருவரும் இறந்துபோயிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது: ‘இப்பொருள் குறித்து ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டதே இறுதியானது.’

“விட்டுடுங்கம்மா,” என்றார் கண்காணிப்பாளர். குரலில் கிண்டல் இல்லை. “இன்னொரு குறிப்பு எழுதினீங்கன்னா அவரோட பென்ஷனையும் எடுத்துப் பாப்பாங்க.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

ஜூலை இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே மாஸ்டர் வந்தார். மனைவியும் உடன் வந்திருந்தார். மூன்று மாடி ஏறியதில் அவருக்கு இரைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். மாஸ்டர் பதக்கங்களை மேசைமேல் வைத்தார். துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

ரசீது தயாரிப்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. பதிவில் இல்லாத ஒன்றைப் பதக்கம் என்று ரசீதில் எழுதக் கூடாது. கண்காணிப்பாளரைக் கேட்டுவிட்டு வந்து, அவள் தட்டச்சு செய்தாள்: ‘பதக்கம் போன்ற வட்ட உலோகப் பொருள்கள் – இரண்டு. நாடா நைந்த நிலையில்.’

மாஸ்டரின் மனைவி ரசீதை வாங்கி, எழுத்துக் கூட்டுகிறவர்போல் மெதுவாகப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தங்கச்சி. ஒரு பிழை இல்ல.”

அவளால் தலை நிமிர முடியவில்லை. மாஸ்டர் மனைவியின் முழங்கையை லேசாகத் தொட்டார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெற்றுக்கொண்டதற்கும் கொடுத்ததற்கும் கையெழுத்துகள் ஆயின. அட்டெண்டர் உறையைக் கொண்டுவந்து, இரண்டையும் உள்ளே போட்டு, அரக்கு வைத்தார். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்து நின்ற மாஸ்டர், போகாமல் நின்றார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். கையெழுத்தில்லாத அந்தக் கோரிக்கைப் படிவம்.

“இதுல அவரு பேரும் கடை விலாசமும் இருக்கும்மா. இதுக்கு ஆபீஸ் காப்பி ஒண்ணும் உங்க ஃபைல்ல இருக்குமில்ல? ரெண்டையும் கிழிச்சுப் போட்டுடலாமா? பின்னால யாராவது எடுத்துப் பாத்துட்டு, அவரப் போய் எதுவும் கேட்டுடப் போறாங்க.”

கோப்பில் ஏறிய ஒவ்வொரு தாளுக்கும் பக்க எண் உண்டு. ஒன்றைக் கிழித்தால் எண் இடறும். இடறினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் முதலில் தேடிப் போவது அந்த மருந்துக்கடையைத்தான். அவள் அதைச் சொன்னாள். இதையாவது செய்து கொடுக்க முடியாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டதையும் சொன்னாள்.

“சரிம்மா. உங்களால ஆகாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.” அவர் தம்மிடமிருந்த தாளை நான்காகக் கிழித்து, கிழிசலைச் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார். இருவரும் படியிறங்கினார்கள். மாஸ்டர் ஒரு படி முன்னால் இறங்கி, மனைவி எட்டு வைப்பதைப் பார்த்துப் பார்த்து நின்றார்.

அவள் கோப்பைத் திறந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அலுவலகப் பிரதி இருந்தது. ஏழாவது கேள்விக்கு அடியில் பதில் எழுதுவதற்கான ஆறு கோடுகள் வெறுமையாகக் கிடந்தன. இப்படிப்பட்ட தாளை முடித்துவைக்க ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும். தனக்கு வாய்த்த அத்தனை வாக்கியங்களையும் தள்ளிவிட்டு, ஓரத்தில், சின்ன எழுத்தில், இரண்டு சொல் எழுதித் தேதி போட்டாள்: ‘மனுதாரர் கோரவில்லை.’